மோட்டாரிலிருந்து ஊசி வரை: டர்ன்டேபிள் அதிர்வைக் குறைத்த அனுபவம்

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசிக்கு எது இசை, எது இயந்திரத்தின் நடுக்கம் என்று பிரித்தறியத் தெரியாது. 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று நொடிக்கு 5 செ.மீ. உச்ச வேகத்தில் வெட்டப்பட்டிருந்தால் ஊசி நடுநிலையிலிருந்து விலகும் தூரம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர்தான். அதைவிட 40 டெசிபெல் தாழ்ந்த மென்மையான இடத்தில் அந்த விலகல் 0.08 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கையால் தொட்டால் தெரியாத மோட்டார் அதிர்வுகூட இந்த அளவைத் தாண்டிவிட முடியும். போதாததற்கு, பதிவின்போது குறைக்கப்பட்ட தாழ்சுருதியை மீட்டெடுக்கும் ஆர்ஐஏஏ சமன்படுத்தல், 1 கிலோஹெர்ட்ஸை ஒப்பிட 100 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 13 டெசிபெலும், 20 ஹெர்ட்ஸை 19 டெசிபெலுக்குச் சற்று மேலாகவும் உயர்த்துகிறது. மோட்டார், அதன் தண்டிலுள்ள சிறு சக்கரமான புல்லி, பேரிங் ஆகியவற்றின் அதிர்வுகளில் பெரும்பகுதி இந்தத் தாழ்நிலையிலேயே இருப்பதால், இசையோடு சேர்ந்து அவையும் பெருக்கம் பெறுகின்றன.

நான் வைத்திருப்பது பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள். 24 காந்த முனைகள் கொண்ட, மின்சார அதிர்வெண்ணோடு ஒத்த வேகத்தில் சுழலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார், சிறிய புல்லி, உள் தட்டைச் சுற்றும் ரப்பர் பெல்ட், அதன்மேல் கனமான வெளித்தட்டு என்ற எளிய அமைப்பு. ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் உள்ள மௌனப் பள்ளங்களில், ஹெட்போனில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கரில் தாழ்சுருதியை ஒலிக்கும் வூஃபரின் கூம்பு தானாகவே முன்னும் பின்னும் அலைந்தது. இவை இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்று தோன்றினாலும், அவை வேறு வேறு இடங்களில் பிறந்தவை என்பது அளந்து பார்த்த பிறகே தெரியவந்தது.

இத்தகைய நிலையில் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது டர்ன்டேபிளின் கால்களில்தான். கூம்பு வடிவக் கால்கள், ரப்பர் திண்டுகள், கருங்கல் பலகை என்று கீழே அடுக்கிக்கொண்டே போவார்கள். அறையிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் அதிர்வைத் தடுக்க அவை உதவலாம். ஆனால் மோட்டாரும் ஊசியும் ஒரே பலகையின்மேல் உட்கார்ந்திருக்கும்போது, பலகைக்குக் கீழே எதை வைத்தாலும் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை மாறுவதில்லை. ஆகவே அதிர்வு பிறக்கும் மோட்டாரில் தொடங்கி, அது பயணிக்கும் வழியிலேயே ஒவ்வோர் இடமாக நின்று பார்த்து, கால்களைக் கடைசியில் கவனிப்பது என்று முடிவு செய்தேன். இந்த வரிசைதான் சரியானது என்பதே இன்றும் என் கருத்து.

கழற்றத் தொடங்குவதற்கு முன், கேட்கும் ஒலி உண்மையில் இயந்திர அதிர்வுதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிய பிறகும் ஒலி நீடித்தால் அது மின்சார ஹம். மண்ணிணைப்பு, கேபிள், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றில்தான் அதன் காரணத்தைத் தேட வேண்டும். ஊசியைத் தூக்கியதும் மறைந்துவிட்டால் அது ஊசியின் வழியே வருவது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பார்க்கலாம். ஸ்டீரியோ பள்ளத்தில் மேலும் கீழுமான அசைவு இரு சேனல்களிலும் எதிரெதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி, பதிவாவதால், மோனோவில் அது தன்னைத்தானே பெருமளவு அழித்துக்கொள்ளும். என் டர்ன்டேபிளில் உறுமல் மோனோவில் வெகுவாகக் குறைந்தது. அதாவது அதன் பெரும்பகுதி செங்குத்தான அசைவு.

அடுத்து மூன்று நிலைகளில் பதிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் நிறமாலையை ஒப்பிட்டேன். முதல் நிலையில் பெல்ட்டைக் கழற்றி, தட்டை நிறுத்தி, அசையாத இசைத்தட்டின்மேல் ஊசியை வைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். இதில் பதிவாவது மோட்டாரிலிருந்து பலகை வழியாக வரும் அதிர்வு மட்டுமே. இரண்டாம் நிலையில் பெல்ட் இல்லாமல் தட்டைக் கையால் சுழற்றிவிட்டு, மோட்டார் நிறுத்தப்பட்ட நிலையில், அது வேகம் தளரும் வரை மௌனப் பள்ளத்தைப் பதிவு செய்தேன். இதில் பேரிங்கும் இசைத்தட்டின் சொந்த இரைச்சலும் இருக்கும். மூன்றாவது, வழக்கமான ஓட்டம். மூன்றாம் நிலையில் மட்டும் புதிதாகத் தோன்றும் முகடு பெல்ட் வழியாக வந்தது என்று கொள்ளலாம். இந்த ஒப்பீட்டுக்குத் துல்லியமான கருவி தேவையில்லை. ஒலியளவு அமைப்பை இடையில் மாற்றாமலிருந்தால் போதும்.

நிறமாலையில் தெரியும் முகடுகளைப் படிக்க, அந்த இயந்திரத்தின் அதிர்வெண்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது மிகவும் உதவுகிறது. 33⅓ சுழற்சி வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்வதால் அதன் அதிர்வெண் 0.56 ஹெர்ட்ஸ். 24 முனை மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 250 முறை சுழலும்; அதாவது புல்லியின் அதிர்வெண் 4.17 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இடங்களில் அதே மோட்டார் 300 முறை சுழலும் என்பதால் அது 5 ஹெர்ட்ஸாகும். உள் தட்டின் விட்டம் 150 மி.மீ., புல்லியின் விட்டம் 20 மி.மீ. என்றால் 250 சுற்று 33⅓ ஆகக் குறைகிறது. அப்போது பெல்ட்டின் வேகம் நொடிக்கு 262 மி.மீ. அளவில் இருக்கும், 600 மி.மீ. நீளமுள்ள பெல்ட் ஒரு முழுச் சுற்று வர 2.3 நொடி ஆகும். மோட்டாரின் முறுக்குவிசைத் துடிப்பு மின்சார அதிர்வெண்ணின் இருமடங்கில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வரும். கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் கையான டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த ஒத்ததிர்வை, 159ஐ நிறை மற்றும் இணக்கத்தன்மையின் (ஊசித் தாங்கியின் நெகிழ்வு) பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறலாம். மொத்தப் பயனுறு நிறை 18 கிராம், இணக்கத்தன்மை மில்லிநியூட்டனுக்கு 15 மைக்ரோமீட்டர் என்றால் அது ஏறத்தாழ 9.7 ஹெர்ட்ஸ். பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இது அமைவது நல்லது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தபோது குழப்பம் பெருமளவு தீர்ந்தது. ஹெட்போனில் கேட்ட உறுமல் 100 ஹெர்ட்ஸில் நின்ற முகடு. அது முதல் நிலையிலேயே, பெல்ட் இல்லாமலே, தெளிவாகத் தெரிந்தது. வூஃபரை அலைக்கழித்தது இசைத்தட்டின் நெளிவால் தூண்டப்பட்டு 10 ஹெர்ட்ஸுக்கு அருகில் எழும் ஆர்மின் ஒத்ததிர்வு. இதில் மோட்டாருக்குப் பங்கே இல்லை.

100 ஹெர்ட்ஸ் ஏன் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதைக் குறைக்கும் வழி தெரியும். இவ்வகை மோட்டாரில் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று நேரடியாகவும் மற்றொன்று ஒரு மின்தேக்கி வழியாகவும் மின்சாரம் பெறுகின்றன. இரு சுருள்களின் காந்தப்புலங்களும் சம வலிமையுடன் சரியாக 90 பாகை கட்ட வேறுபாட்டில் இருந்தால், உள்ளே ஒரே சீராகச் சுழலும் புலம் உருவாகி முறுக்குவிசையும் சீராக இருக்கும். அந்தச் சமநிலை பிசகினால் புலம் வட்டமாகச் சுழல்வதற்குப் பதில் நீள்வட்டமாகிறது. முறுக்குவிசை மின்சாரத்தின் இருமடங்கு அதிர்வெண்ணில் கூடிக் குறைகிறது. மோட்டாரின் உடல் அதே வேகத்தில் எதிர்த்திசையில் உலுக்கப்படுகிறது. மின்தேக்கி காலப்போக்கில் தன் மதிப்பை இழப்பதால், வாங்கியபோது அமைதியாக இருந்த மோட்டார் பல ஆண்டுகளுக்குப் பின் உறுமத் தொடங்குவது இயல்பு.

மின்தேக்கியை மாற்றுவது சிறிய வேலைதான், ஆனால் பல டர்ன்டேபிள்களில் அங்கே நேரடி வீட்டு மின்னழுத்தம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. போடும் மின்தேக்கி ஏசி மின்னழுத்தத்துக்கென மதிப்பிடப்பட்ட பிலிம் வகையாக இருக்க வேண்டும்; டிசி மதிப்பீடு மட்டும் அச்சிடப்பட்ட ஒன்றைப் பொருத்தக் கூடாது. மேலும், மின்தேக்கியும் சுருளும் சேர்ந்து உருவாக்கும் மின்னழுத்தம் வீட்டு மின்னழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க முடியும் என்பதால், மதிப்பீட்டில் தாராளமான இடைவெளி விட வேண்டும்.

உற்பத்தியாளர் குறிப்பிட்ட மதிப்பைப் போட்டதும் முகடு கணிசமாக இறங்கியது. அதோடு நிறுத்தாமல், அந்த மதிப்புக்கு இருபுறமும் சிறிய மின்தேக்கிகளை இணையாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தேன். ஒரே வகை மோட்டாரிலும் ஒவ்வொன்றின் சுருளுக்கும் சற்று வேறுபாடு இருக்கும். அதனால் எந்த மதிப்பில் அதிர்வு மிகக் குறைகிறது என்பதை அந்தந்த மோட்டாரிடம்தான் கேட்க வேண்டும். அளப்பதற்கு, பஸரில் வரும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு ஒன்றை மோட்டாரின் உலோக உடலில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, அதன் மின் சமிக்ஞையைக் கணினியில் பதிவு செய்தேன். தனி மதிப்பாக அது எதையும் சொல்லாது. முன்னதைவிடக் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் நம்பகமாகச் சொல்லும். ஒவ்வொரு முறையும் மின் இணைப்பை முழுமையாகத் துண்டித்த பிறகே மின்தேக்கியை மாற்றினேன்.

அடுத்த படி மின்னழுத்தம். தட்டை நின்ற நிலையிலிருந்து கிளப்பத் தேவைப்படும் முறுக்குவிசை, அதைச் சுழற்சியில் வைத்திருக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு. ஓடத் தொடங்கிய பின் அந்த உபரி வலிமை பெரும்பாலும் அதிர்வாகவே வெளிப்படுகிறது. மோட்டாருக்குத் தரும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தபோது, சிங்க்ரனஸ் மோட்டார் என்பதால் வேகம் மாறவில்லை. உறுமல் மட்டும் குறைந்தது. குளிர்ந்த நிலையில், பேரிங் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதும் தயங்காமல் கிளம்புகிற அளவே கீழ் எல்லை. மின்தடை ஒன்றைத் தொடரில் போட்டு மின்னழுத்தத்தைக் குறைப்பவர்கள், அதனால் கட்ட வேறுபாடும் நகர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்து மின்தேக்கியின் மதிப்பை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். இரு கட்டங்களையும் தனித்தனியே உருவாக்கித் தரும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. கட்டத்தையும் அளவையும் திருகித் திருகியே அதிர்வு குறைந்த புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். இத்தனை வேலையிலும் மிக அதிகப் பலன் தந்தது மின்தேக்கியும் மின்னழுத்தமும்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மோட்டார் தாங்கியில் அதிர்வைத் தடுக்க இருந்த ரப்பர் வளையங்களான புஷ்கள் விரலால் அழுத்தினால் நகத்தின் தடம்கூட விழாத அளவுக்கு இறுகிப் போயிருந்தன. புதியவற்றைப் போட்டபோது, திருகை முழுவதும் முடுக்கினால் ரப்பர் நசுங்கி, உலோகம் உலோகத்தைத் தொட்டு, புஷ் இருந்தும் இல்லாத நிலை வந்துவிடுவதைக் கவனித்தேன். திருகின் தலை ரப்பரைத் தொட்டுப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, தளராமலிருக்க ஒரு துளி திருகுப் பசை இடுவதே போதுமானது. இதைவிட எளிதில் கண்ணில் படாத மற்றொரு பாதை மோட்டாரின் மின்கம்பிகள். விறைப்பான கம்பி இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தால், நான்கு புஷ்களும் தடுத்த அதிர்வை அது ஒன்றே பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மெல்லிய பல இழைக் கம்பியைத் தளர்வான வளையமாக விட்டபோது பதிவில் அதன் வேறுபாடு தெரிந்தது.

புஷ் எவ்வளவு மென்மையாக இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. எந்த மிதவைத் தாங்கியும் தன் இயல்பு அதிர்வெண்ணின் 1.41 மடங்குக்கு மேலுள்ள அதிர்வுகளைத்தான் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவற்றை அப்படியே கடத்தும், இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் பெருக்கவும் செய்யும். மோட்டாரும் புஷ்களும் சேர்ந்த அமைப்பு 20 ஹெர்ட்ஸில் இருந்தால், 100 ஹெர்ட்ஸ் அதிர்வில் கொள்கையளவில் 24இல் ஒரு பங்கே பலகையை எட்டும். அதே புஷ் 4.17 ஹெர்ட்ஸில் வரும் புல்லியின் தள்ளாட்டத்தைச் சிறிதும் குறைக்காது. இன்னும் மென்மையாக்கலாமே என்று தோன்றும். ஆனால் பெல்ட்டின் இழுப்பில் மோட்டார் சாய்ந்து, சுமை மாறும்போதெல்லாம் முன்னும் பின்னும் அசைந்து, அதிர்வுக்குப் பதிலாக வேகத் தடுமாற்றத்தைக் கொண்டுவந்துவிடும். எனவே தாங்கியின் மென்மைக்கு ஓர் எல்லை உண்டு. மோட்டாரைத் தனிக் கனமான உருளைக்குள் அடைத்துப் பலகைக்கு வெளியே நிறுத்தும் வடிவமைப்பு இந்த இழுபறியிலிருந்து ஓரளவு தப்பிக்கிறது. அங்கே இரண்டையும் இணைப்பது அலமாரித் தட்டு மட்டுமே.

புல்லியில் பிறக்கும் குறை, உறுமலாக அல்லாமல் சுருதி நடுக்கமாகவே காதில் விழும். 20 மி.மீ. விட்டமுள்ள புல்லியின் மையம் 0.02 மி.மீ. விலகியிருந்தால் பெல்ட்டின் வேகம் உச்சத்தில் 0.2 விழுக்காடு கூடிக் குறைகிறது. பெல்ட்டின் நெகிழ்வும் தட்டின் நிலைமமும் அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும் என்றாலும் இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல. வாவ், ஃப்ளட்டர் எனப்படும் மெதுவான, வேகமான சுருதி நடுக்கங்களை அளக்கும் தரநிலைகள் காதின் உணர்திறனுக்கேற்ப 4 ஹெர்ட்ஸுக்கே உச்ச முக்கியத்துவம் தருகின்றன, புல்லியின் 4.17 ஹெர்ட்ஸ் அதன்மேலேயே வந்து உட்காருகிறது. நீண்ட பியானோ சுரங்களில் இது உடனே வெளிப்படும். என் புல்லியில் கோளாறாகத் தெரிந்தது வடிவமைப்பின் குறையன்று, பழைய பெல்ட்டிலிருந்து உதிர்ந்த ரப்பர் ஒரு பக்கத்தில் கறுத்த படிவமாக ஒட்டியிருந்ததுதான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் புல்லியையும் உள் தட்டின் விளிம்பையும் துடைத்ததும் அந்த நடுக்கம் குறைந்தது. கூர்மையான கருவியால் சுரண்டினால் மேற்பரப்பே கெட்டுவிடும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, அது ஒரு வடிகட்டியைப் போன்றது. நெகிழ்வான பெல்ட்டும் கனமான தட்டும் சேர்ந்து மோட்டாரின் வேகத் துடிப்புகளைத் தட்டுக்குச் செல்லாமல் தடுக்கின்றன. தடித்த, விறைப்பான பெல்ட் இதில் பின்தங்கும். அளவுக்கு மீறி இறுக்கமான பெல்ட் மோட்டார், தட்டு இரண்டின் பேரிங்குகளையும் பக்கவாட்டில் இழுத்து அதிர்வைக் கூட்டும். தளர்ந்த பெல்ட் வழுக்கும். வேகக் கட்டுப்பாட்டுக்காக நூல் அல்லது நெகிழாத நாடாவைப் பயன்படுத்துவோர் உண்டு. அவ்வழியில் செல்பவர்களுக்கு மோட்டார் மிக அமைதியாக இருப்பது கட்டாயத் தேவையாகிவிடுகிறது. புதிய பெல்ட் வாங்கும்போது நீளத்தோடு தடிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். தடிப்பு மாறினால் வேகமும் சற்று மாறும்.

பேரிங்கில் நான் செய்தது அதிகமில்லை. தட்டின் தண்டை மெதுவாக உயர்த்தி எடுத்து, பழைய எண்ணெயைத் துடைத்து, அடியிலுள்ள உருண்டையிலும் அது அமரும் தகட்டிலும் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, உற்பத்தியாளர் சொன்ன பாகுத்தன்மையுள்ள எண்ணெயைச் சில துளிகள் மட்டும் இட்டேன். எண்ணெய்க்கென வடிவமைத்த பேரிங்கில் கிரீஸை நிரப்புவது, முதலில் அமைதியைத் தருவதுபோல் தோன்றினாலும், இழுவையைக் கூட்டி மோட்டாரின் வேலையை அதிகரிக்கும். தண்டை மீண்டும் இறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற நேரம் பிடிக்கும். அழுத்தித் தள்ளக் கூடாது. மோட்டாரின் சொந்தப் பேரிங்குக்கும் ஒரு துளி எண்ணெய் தேவைப்படலாம்.

ஐட்லர் சக்கரம் கொண்ட டர்ன்டேபிள்களில் நிலைமை கடினம். நான்கு முனை மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று சுழல்வதால் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு பிறக்கிறது. இடையில் இருக்கும் ரப்பர் சக்கரம் பெல்ட் அளவுக்கு அதை வடிகட்டுவதில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது சக்கரம் தண்டோடு அழுந்தியே கிடந்தால் அதில் தட்டையான இடம் விழுந்து, டக் டக் என்ற ஒலி வரும். 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 மூலம் சந்தைக்கு வந்த நேரடி இயக்க முறையில், மோட்டாரே தட்டின் வேகத்தில் சுழல்வதால் இந்த வேக அதிர்வு 0.56 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே கவலை மோட்டார் முனைகளின் வரிசையான இழுப்பைப் பற்றியது.

இவற்றுக்குப் பின்தான் கால்களிடம் வந்தேன். எட்கர் வில்ச்சூரின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1961இல் வெளியிட்ட டர்ன்டேபிளில், தட்டும் டோன் ஆர்மும் ஒரே உள் சட்டத்தில் இணைந்து ஸ்பிரிங்குகளில் மிதக்க, மோட்டார் அந்தச் சட்டத்துக்கு வெளியே மேல் பலகையில் இருந்தது. பின்னர் தோரென்ஸ் டிடி 150 போன்றவையும் இதே வழியில் சென்றன. தட்டும் ஆர்மும் ஒன்றாக அசைந்தால் ஊசி எதையும் உணராது. அவற்றுக்கிடையே ஒப்பீட்டு அசைவு இருந்தால்தான் அது ஒலியாகிறது. ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண்ணை, 15.8ஐ அது சுமையில் அமுங்கும் மி.மீ. அளவின் வர்க்கமூலத்தால் வகுத்து அறியலாம். 10 மி.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ், 25 மி.மீ. அமுங்கினால் 3 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். இதே கணக்கில் 2 மி.மீ. மட்டுமே அமுங்கும் ரப்பர் திண்டு 11 ஹெர்ட்ஸில் போய் நிற்கிறது. நடைமுறையில் ரப்பர் அதிர்வின்போது இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும். அதாவது பலரும் ஆசையோடு வாங்கிப் போடும் மென்திண்டுகள் டோன் ஆர்மின் ஒத்ததிர்வு வட்டாரத்திலேயே புதிய பெருக்கத்தை உண்டாக்கக்கூடும். என்னிடமிருந்த திண்டுகளை எடுத்துவிட்டு, சுவரில் திருகிய விறைப்பான அலமாரிக்கு டர்ன்டேபிளை மாற்றியபோது, நடக்கும்போது ஊசி துள்ளுவது நின்றது. 100 ஹெர்ட்ஸ் முகட்டில் மாற்றமே இல்லை, எதிர்பார்த்ததும் அதுதான்.

இப்போது மூன்றாம் நிலைப் பதிவில் 100 ஹெர்ட்ஸ் முகடு இசைத்தட்டின் சொந்த இரைச்சலுக்குள் ஏறத்தாழ அமிழ்ந்துவிட்டது. தட்டுக்குத் தட்டு அந்த இரைச்சல் மாறுவதால், அதற்குக் கீழே மேலும் துரத்துவதில் பயனில்லை. வூஃபரின் அலைச்சலுக்கு மோட்டார் வேலைகள் எதுவும் உதவவில்லை. அதைத் தீர்த்தது ஃபோனோ ஆம்ப்ளிஃபயரிலுள்ள சப்சானிக் ஃபில்டர். ஆர்ஐஏஏ வளைவுக்கு 1976இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி சேர்த்த திருத்தம் 20 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் மட்டும் குறைப்பதால், நெளிந்த இசைத்தட்டுகளுக்கு அது போதாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே செங்குத்தாக வெட்டும் ஃபில்டர் தேவைப்படுகிறது. அந்த ஃபில்டரை வைத்துக்கொண்டு 100 ஹெர்ட்ஸ் உறுமலை மறைக்க முயல்வது வீண், ஏனெனில் அதே இடத்தில்தான் செல்லோவும் மிருதங்கத்தின் தொப்பியும் பேசிக்கொண்டிருக்கின்றன.